முகவரியின் நகல்

சிம்லிங்க் என்று கணினிக்காரர்கள் சொல்லும் கோப்புக்குள் ஒரே ஒரு வரிதான் இருக்கும். இன்னொரு கோப்போ கோப்புறையோ எங்கே இருக்கிறது என்கிற விலாசம் அது. திறக்கச் சொன்னால் கணினி அந்த விலாசத்தைப் படித்து, அங்கே போய், அங்கிருப்பதைக் காட்டும். திறந்தவருக்கு வேறோர் இடத்துக்குப் போய்வந்ததே தெரியாது. கடைத்தெருவில் மூடிய ஷட்டரில் ஒட்டியிருப்பார்களே, ‘கடை பின் சந்துக்கு மாற்றப்பட்டுள்ளது’ என்று, ஏறக்குறைய அந்த அட்டைதான். ஆனால் இந்த அட்டையைப் படித்தவர் சந்துக்குள் நடக்க வேண்டியதில்லை. தொட்ட மாத்திரத்தில் கடைக்குள் நிற்பார்.

வினை அந்த வசதியில்தான் இருக்கிறது. ஒரு கணினியில் உள்ளதை இன்னொன்றுக்கு அப்படியே கொண்டுபோ என்று ஒரு மென்பொருளிடம் சொல்கிறோம். வழியில் ஒரு சிம்லிங்க் வருகிறது. அது அட்டையைக் கொண்டுபோக வேண்டுமா, சரக்கைக் கொண்டுபோக வேண்டுமா? ‘அப்படியே’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருளுமே பொருந்தும். நாம் எதை நினைத்துச் சொன்னோம் என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியாது. பல நேரம் நமக்கும் தெரியாது.

இந்த ஏற்பாடு இடப் பற்றாக்குறையில் வேர்விட்டது. யூனிக்ஸில் ஆரம்பத்திலிருந்தே ஒரு கோப்புக்கு இரண்டு மூன்று பெயர் வைக்கலாம். அதற்கு ஹார்ட் லிங்க் என்று பெயர். ஆனால் அந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பு முறைமைக்குள் இருந்தாக வேண்டும். ஒரு டிஸ்கில் இருப்பதற்கு இன்னொரு டிஸ்கில் பெயர் வைக்க முடியாது. 1983-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த 4.2 பிஎஸ்டி, மல்டிக்ஸ் என்ற பழைய அமைப்பில் இருந்த ஒரு யோசனையை எடுத்து, சிம்லிங்க்கை யூனிக்ஸுக்குள் கொண்டுவந்தது. அதன்பின் ஒரு டிஸ்க் நிறைந்தால், உள்ளே இருப்பதை இன்னொன்றுக்கு நகர்த்திவிட்டு, பழைய இடத்தில் விலாசத்தை மட்டும் விட்டுவைக்கலாம். தேடி வருகிறவர்களின் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு. தற்காலிகம் என்று நினைத்துச் செய்கிற எல்லா நல்ல ஏற்பாடுகளையும் போல இதுவும் நிரந்தரமாகிவிடும் என்பதுதான் சங்கடம்.

ஒரு சிறிய பதிப்பகம் என்று வைத்துக்கொள்வோம். முப்பது ஆண்டு நூல்களின் அச்சுக்கோப்புகள் ஒரு லினக்ஸ் கணினியில் இருக்கின்றன. டிஸ்க் நிறைந்தபோது, அங்கே வேலை பார்த்த பையன் ஒருவன் இரண்டாவது டிஸ்க் வாங்கி மாட்டி, பழைய நூல்களை அதில் போட்டுவிட்டு, பழைய இடத்தில் ஒரு சிம்லிங்க் வைத்தான். அதன் உள்ளடக்கம்: /வட்டு2/பழையநூல்கள். அவ்வளவுதான். பிறகு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். போகும் முன், தினமும் இரவில் எல்லாம் வெளி டிஸ்குக்கு நகலாகும்படி ஒரு கட்டளையும் எழுதி வைத்துவிட்டுத்தான் போனான். பொறுப்பான பையன்.

அவன் பயன்படுத்தியது பெரும்பாலும் ஆர்சிங்க் ஆகத்தான் இருக்கும். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மக்கெராஸும் 1996 ஜூனில் வெளியிட்ட நிரல் அது. இரு பக்கமும் உள்ள கோப்புகளை ஒப்பிட்டு, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும் அதன் சாமர்த்தியத்துக்கு இன்றும் மவுசு குறையவில்லை. சிம்லிங்க் விஷயத்தில் அது நம்மைக் கேட்கிறது. சிறிய எல் என்று ஓர் எழுத்தைச் சேர்த்தால், லிங்க்கை லிங்க்காகவே கொண்டுபோகும். பெரிய எல் என்றால், லிங்க் காட்டும் இடத்துக்குப் போய் அங்கிருப்பதை நிஜக் கோப்பாக எடுத்துவரும். இரண்டும் இல்லாவிட்டால், இது வழக்கமான கோப்பு இல்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடும். அந்த ஒரு வரி பல ஆயிரம் வரிகளுக்கு நடுவே ஓடி மறையும். இவை தவிர, நகலெடுக்கும் கோப்புறைக்கு வெளியே போகிற லிங்க்குகளை மட்டும் விட்டுவிடு என்று ஒன்று, அவற்றை மட்டும் நிஜமாக்கு என்று ஒன்று, கோப்புறைகளைக் காட்டும் லிங்க்குகளுக்கு மட்டும் சிறிய கே, பெரிய கே என்று தனித்தனியாக இரண்டு. ஒரே கேள்விக்கு இத்தனை விடை வைத்திருக்கும் நிரல், சரியான விடை தன்னிடம் இல்லை என்பதை மரியாதையாக ஒப்புக்கொண்டிருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நடைமுறையில் யாரும் அத்தனையும் படிப்பதில்லை. ஆர்சிங்க் என்றால் ஏ என்ற எழுத்து. அப்படித்தான் எல்லாரும் கற்றுக்கொள்கிறார்கள். ஆவணக் காப்புக்கான விருப்பம் அது. அதற்குள் சிறிய எல் அடக்கம். ஆகவே பதிப்பகத்தின் வெளி டிஸ்குக்கு இரவுதோறும் மிகுந்த விசுவாசத்தோடு போய்ச் சேர்ந்தது அந்த விலாசம். முப்பது ஆண்டு உழைப்பில் பெரும்பகுதிக்குக் காப்பு 51 பைட்.

அந்த எண் நான் சும்மா சொன்னதில்லை. சிம்லிங்க்கின் அளவு என்று லினக்ஸ் காட்டுவது, உள்ளிருக்கும் விலாசத்தின் பைட் எண்ணிக்கையைத்தான். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். ‘பழையநூல்கள்’ என்பதில் புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாகக் கணக்கிட்டால் 11 குறியீடு, 33 பைட். சாய்கோடுகளும் மற்றதும் சேர்ந்தால் 51. இன்னும் கொஞ்சம் நீளமாகிவிட்டால், லினக்ஸில் பரவலாகப் புழங்கும் எக்ஸ்ட்4 முறைமை அதற்குத் தனியாக ஒரு தொகுதி ஒதுக்க வேண்டியிருக்கும். 60 பைட்டுக்குக் குறைவாக இருந்தால், கோப்பின் விவரக்குறிப்பு எழுதும் இடத்திலேயே விலாசத்தையும் திணித்துக்கொள்ளும். டிஸ்கில் தனியாக இடமே பிடிக்காது. இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு சிக்கனமான காப்பு வேறு எங்கும் கிடைக்காது.

சரி, யாராவது சோதித்துப் பார்த்திருந்தால்? சோதித்திருப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பதிப்பாளர் கவலைப்படுகிறவர். மாதம் ஒருமுறை வெளி டிஸ்கை அதே கணினியில் திறந்து, பழைய நூல்களைச் சொடுக்குகிறார். திறக்கிறது. ஒரு நாவலின் பிடிஎஃப்பைத் திறக்கிறார். அதுவும் வருகிறது, பக்கம் பக்கமாக, அட்டைப்படத்தோடு. நிம்மதியாக மூடிவிடுகிறார். அவர் பார்த்தது இரண்டாவது டிஸ்கில் உள்ள மூலக் கோப்பை. வெளி டிஸ்கில் இருந்த விலாசம், அதே கணினியில் திறந்ததால், அதே மூலத்துக்கு அவரைக் கூட்டிப்போய்விட்டது. மூலம் உயிரோடு இருக்கும்வரை நகலும் உயிரோடு இருப்பதுபோலவே தோன்றும். மூலம் போகிற அன்றைக்கு இரண்டும் சேர்ந்தே போகும்.

அளவை ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்குமே என்று கேட்கலாம். தெரியாது. கோப்புறை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கணக்குச் சொல்லும் லினக்ஸ் கட்டளையும், தனியாகச் சொன்னாலொழிய லிங்க்கின் பின்னால் போகாது. மூலத்தில் இருப்பதும் லிங்க், நகலில் இருப்பதும் லிங்க். இரு பக்கக் கூட்டுத்தொகையும் பொருந்தும். கோப்புகளின் எண்ணிக்கையும் பொருந்தும். பிழை என்று ஒரு வரியும் வராது, ஏனென்றால் பிழை எதுவும் நடக்கவில்லை. தவறு யாருடையது என்று தேடினால் பையன், ஆர்சிங்க், கணக்குக் கட்டளை, பதிப்பாளர் என்று எல்லாருமே தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள்.

அப்படியானால் பெரிய எல் போட்டுவிடலாமே. போடலாம், அதற்கும் விலை உண்டு. ஒரே கோப்புறைக்கு நான்கு இடத்தில் லிங்க் இருந்தால், நகலில் நான்கு தனிக் கோப்புறைகள் உருவாகும். அன்றிலிருந்து ஒன்றைத் திருத்தினால் மற்ற மூன்றும் பழையபடியே இருக்கும். இரண்டு வருடம் கழித்து எது திருத்திய பிரதி என்று தெரியாமல் நான்கையும் திறந்துவைத்து முழிக்க வேண்டியதுதான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு கோப்புறைக்குள் அதே கோப்புறையைக் காட்டும் லிங்க்கை யாராவது வைத்திருந்தால், உள்ளே போனால் அதுவே, அதற்குள் போனால் மறுபடி அதுவே. லினக்ஸ் ஒரு பாதையில் 40 லிங்க்குக்கு மேல் பின்தொடராது. அதற்கு மேல் வட்டம் போடுகிறாய் என்று பிழை சொல்லி நிறுத்திவிடும். அதற்குள் ஒரே கல்யாணப் படம் நாற்பது தடவை நகலாகியிருக்கும். முடிவே இல்லாததற்கு 40 என்று ஓர் எல்லை வைத்தவர்களின் விவேகத்தை நான் மதிக்கிறேன்.

நகல் போய்ச்சேரும் பக்கத்திலும் லிங்க் இருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. மூலத்தில் ‘படங்கள்’ என்பது நிஜக் கோப்புறை. காப்புக் கணினியில் டிஸ்க் போதாததால், அங்கே பார்த்துக்கொள்கிறவர் ‘படங்கள்’ கோப்புறையைப் பெரிய டிஸ்குக்கு நகர்த்திவிட்டு, அதன் இடத்தில் ஒரு லிங்க்கை வைக்கிறார். அன்று இரவு ஆர்சிங்க் வருகிறது. கோப்புறை இருக்க வேண்டிய இடத்தில் லிங்க் இருப்பதைப் பார்க்கிறது. மூலம் மாதிரியே ஆக்க வேண்டும் என்பதுதானே உத்தரவு? லிங்க்கை அழித்துவிட்டு, நிஜக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, எல்லாப் படங்களையும் ஆரம்பத்திலிருந்து சிறிய டிஸ்குக்குள் கொட்டத் தொடங்குகிறது. விடியும்போது டிஸ்க் நிறைந்திருக்கும். பெரிய டிஸ்கில் பழைய படங்கள் பத்திரமாக, ஆனால் அவற்றைக் காட்டுவதற்கு ஒரு லிங்க்கும் இல்லாமல், அனாதையாகக் கிடக்கும். இதைத் தடுப்பதற்கென்றே இருப்பதுதான் பெரிய கே. அதைப் போட்டால் அந்தப் பக்கத்து லிங்க்குகளை நம்புகிறோம் என்று அர்த்தம். அங்கே வேறு யாராவது லிங்க் வைக்க முடியுமென்றால், நம் கோப்புகள் எங்கே போய் விழவேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிப்பார். அதனால் ஆவணக் காப்பு விருப்பத்துக்குள் அதைச் சேர்க்கவில்லை. நியாயம்தான். ஆனால் நியாயம் தெரிவதற்குள் டிஸ்க் நிறைந்துவிடுகிறது.

கட்டளை எழுதத் தெரியாதவர்களுக்கு மேகச் சேவைகள் இந்த முடிவைத் தாங்களே எடுத்துக்கொடுக்கின்றன. எடுத்த முடிவை மாற்றவும் செய்கின்றன. டிராப்பாக்ஸ் பல ஆண்டு காலம் தன் கோப்புறைக்குள் இருக்கும் லிங்க்கைப் பின்தொடர்ந்து, வெளியே உள்ள சரக்கையும் மேலேற்றிக்கொண்டிருந்தது. வேறிடத்தில் உள்ள ஆவணங்களையும் அப்படிக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு லிங்க் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் நிறையப் பேர். 2019-இல் அது மாறியது. இனி வெளியே போகாது, லிங்க்கை மட்டுமே ஒத்திசைக்கும். தொழில்நுட்ப ரீதியில் இந்த இரண்டாவது நிலைதான் நேர்மையானது என்பது என் எண்ணம். ஆனால் நேற்றுவரை காப்பில் இருந்தது இன்றிலிருந்து இல்லை என்பதை, அறிவிப்பைப் படிக்காதவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

இயங்குதளம் மாறினால் சங்கடம் இன்னொரு வகை. பென் டிரைவில் வழக்கமாக இருக்கும் எக்ஸ்ஃபேட்டுக்குச் சிம்லிங்க் என்றாலே தெரியாது. நகலெடுக்க முடியாது என்று கைவிரித்துவிடும். விண்டோஸில் விஸ்டா காலத்திலிருந்து சிம்லிங்க் உண்டு. ஆனால் அதை உருவாக்கும் உரிமை வெகுகாலம் நிர்வாகிக்கு மட்டுமே இருந்தது. 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்புதான் டெவலப்பர் மோடில் அதைத் தளர்த்தியது. நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட் மென்பொருள் சிம்லிங்க்கைச் சேமிப்பது விலாசம் எழுதிய சிறு துண்டாகத்தான். 120000 என்ற ஒரு முத்திரைதான் அது லிங்க் என்று சொல்லும். லிங்க் உருவாக்க அனுமதியில்லாத விண்டோஸ் கணினியில் அதை இறக்கினால், முத்திரை பலிக்காது. அமைப்புக் கோப்பு இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு புள்ளியும் சாய்கோடுமாக ஒற்றை வரி கொண்ட சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்று உட்கார்ந்திருக்கும். நிரல் அதைத் திறந்து படித்து, ஒன்றும் புரியாமல் விழும்.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. ‘தொகுப்பு’ என்ற பெயரில் முதல் எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாகப் பிரித்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸிலிருந்து ஒரு கோப்புறை அப்படிப்பட்ட மேக் ஒன்றுக்குப் போய், அங்கிருந்து மறுபடி லினக்ஸுக்கு வந்தால், கோப்பின் பெயர் பிரிந்த வடிவில் திரும்பும். லிங்க்குக்குள் இருக்கும் விலாசம் பெயர் இல்லை, உள்ளடக்கம். அதை மேக் தொடாது. ஆகவே லிங்க் பழைய வடிவில் ‘தொகுப்பு’ என்று தேடும். பக்கத்திலேயே ‘தொகுப்பு’ இருக்கும். பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் லினக்ஸ், அப்படி ஒரு கோப்பு இல்லை என்று சாதிக்கும். திரையில் இரண்டு பெயரையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. கொ, கோ, கௌ வரிசையில் வருகிற எந்தப் பெயருக்கும் இது நேரலாம்.

கெட்ட எண்ணத்தோடு வைக்கப்படும் லிங்க்குகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வெளியிலிருந்து வந்த ஒரு தொகுதிக்குள், நம் கணினியின் கடவுச்சொல் கோப்பைக் காட்டும் லிங்க் ஒன்று இருந்தால், அதைப் பின்தொடரும் நிரல் தானாகவே திருடனுக்கு உதவிசெய்துவிடும். அதற்காகத்தான் ஆர்சிங்க்கில் ‘பாதுகாப்பான லிங்க்குகள் மட்டும்’ என்ற விருப்பம். 2025 ஜனவரியில் வெளியான 3.4.0 பதிப்பு அடைத்த ஓட்டைகளில் ஒன்று இந்த விருப்பத்திலேயே இருந்தது. விலாசம் கோப்புறைக்குள்தான் முடிகிறதா என்று பார்த்த சோதனை, அந்த விலாசத்துக்கு நடுவே இன்னொரு லிங்க் இருக்கலாம் என்பதைச் சரியாகக் கவனிக்கவில்லை. அதே பதிப்பில் சரிசெய்யப்பட்ட வேறு சிலவும் சிம்லிங்க் தொடர்பானவையே. சிம்லிங்க்கே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. யூனிக்ஸ் உருவான பெல் ஆய்வகத்திலேயே பிறகு எழுதப்பட்ட பிளான் 9 அமைப்பில் சிம்லிங்க்கே கிடையாது. லிங்க் வழியாக உள்ளே போனவன் வந்த வழியே மேலே ஏற முடியாமல் வேறெங்கோ போய் நிற்கிறான் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் 2000-இல் ஒரு கட்டுரையே எழுதினார். கோப்புகளைப் பிணையத்தில் பகிர உதவும் சாம்பா திட்டத்தின் ஜெரமி அல்லிசன் 2022-இல், சிம்லிங்க்கை உருவாக்கியதே தவறு என்கிற அளவுக்குப் பேசினார். வருடக்கணக்கில் சிம்லிங்க் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தவர், சலிப்பு நியாயமானது. இருந்தாலும் எடுத்துவிட முடியாது. இன்றைய லினக்ஸ் கணினிகள் பலவற்றில் முக்கியக் கட்டளைகள் இருக்கும் பின் (/bin) கோப்புறையே யூஎஸ்ஆர் (/usr) கோப்புறைக்குள் இருக்கும் இன்னொன்றைக் காட்டும் சிம்லிங்க்தான்.

என் தீர்ப்பு இது. தினசரி ஒத்திசைவுக்கு லிங்க்கை லிங்க்காகவே விடுங்கள். ஆனால் அது காட்டும் இடத்தையும் காப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். முழு விலாசம் எழுதாமல், பக்கத்துக் கோப்புறையைக் காட்டும் சார்பு விலாசம் எழுதினால், இரண்டும் சேர்ந்து பயணம் போகும்போது பிழைக்கும். வருடம் ஒருமுறை எடுத்துவைக்கிற, பிள்ளைகளுக்கோ நூலகத்துக்கோ கொடுக்கப்போகிற நகலில் லிங்க்கே இருக்கக் கூடாது. அங்கே பெரிய எல் போடுங்கள். இடம் வீணாகட்டும், டிஸ்க் விலை மலிவு. அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: லிங்க் காட்டும் இடத்தில் ஒன்றும் இல்லையென்றால், பெரிய எல் போட்ட ஆர்சிங்க் அதை வாய்விட்டுச் சொல்லி, 23 என்ற பிழை எண்ணோடு முடியும். சிறிய எல் அதையும் பத்திரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு, எல்லாம் சரி என்று சொல்லும்.

இந்த வாரம் உங்கள் காப்பு டிஸ்கைக் கழற்றி, உங்கள் கணினியைப் பார்த்தே இராத வேறொரு கணினியில் மாட்டுங்கள். நீங்கள் இழக்கவே முடியாத ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து, அங்கே திறந்து பாருங்கள்.